கரிக்காத தண்ணீரிலும் கிருமி: கடலோரக் கிணற்றுக்கு எந்த வைத்தியம்?

ராமநாதபுரம் கடலோரத்தில் தண்ணீரை நாக்கால் எடைபோடுவதுதான் வழக்கம். கரித்தால் கெட்டது, கரிக்காவிட்டால் நல்லது. தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் மலக்கிருமிக்கு ருசி கிடையாது, நிறம் கிடையாது. பாம்பனிலும் பெரியபட்டினத்திலும் தேனாக இனிக்கும் உறைக்கிணற்றுத் தண்ணீர் ஆய்வகத்தில் தோற்றுப்போகலாம்.

தோற்ற பிறகுதான் குழப்பம். பக்கத்து வீட்டு அண்ணன் "ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டுங்க" என்பார். கடைக்காரர் உப்பை எடுக்கும் ஆர்.ஓ. மெஷினைக் காட்டுவார். மோட்டார் மெக்கானிக் "போர் போட்டுரலாம்" என்பார். மூன்றில் எது என்று கேட்டு வாசகர்கள் எழுதுகிறார்கள். உள்ளூரில் கேட்டால் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலும் உப்பு விட்டுப்போகிறது. வெளியூர்க் கிணற்றுக்குச் சொன்ன வைத்தியத்தை அப்படியே இங்கே செய்தால் கிருமி போகும், கிணறும் சேர்ந்து போகும்.

எதை வைத்து அளப்பது

முதலாவது, கிருமி ஒரு தடவை விழுந்ததா, தினமும் வந்துகொண்டிருக்கிறதா. எலி விழுந்து செத்தது, மழை வெள்ளம் உள்ளே போனது, தூர் வாரியபோது சேறு கலங்கியது: இவை ஒரு தடவைச் சங்கதி. கக்கூஸ் குழியிலிருந்து மணல் வழியாகக் கசிவது தினச் சங்கதி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இரண்டாவது உப்பு. கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் இந்த மணல் கரையில் மழைநீர் ஒரு மெல்லிய தட்டாக உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். மறுபக்கம் பாருங்கள்: இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை அடி குறைத்துவிட்டால், அடியிலிருந்து உப்பு 20 அடி ஏறப் பார்க்கும். எனவே "நிறைய இறை", "ஆழப்படுத்து" என்று முடியும் எந்த யோசனையையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். போர் யோசனை இந்த இடத்திலேயே அடிபடுகிறது.

மூன்றாவது அளவு. ஐந்து பேர் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் போதும். குளிக்க, துவைக்க, கழுவ என்று போகும் மற்ற தண்ணீரையும் அதே தரத்துக்குக் கொண்டுவர நினைத்தால் செலவு பல மடங்காகும்.

நான்காவது, சுத்தம் செய்த தண்ணீரில் காவல் இருக்கிறதா. குளோரின் மட்டும்தான் தண்ணீரோடு தங்கி, பிறகு விழும் கிருமியையும் கொல்லும். கொதிக்க வைத்த தண்ணீருக்கும் மெஷின் தண்ணீருக்கும் அந்தக் காவல் இல்லை. கைவிட்டு ஒரு டம்ளர் மொண்டால் போச்சு.

ஐந்தாவது நைட்ரேட். கக்கூஸ் குழி கசிந்தால் கிருமியோடு இதுவும் வரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. குளோரின், புற ஊதா விளக்கு எதற்கும் இது அசையாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைத்துக் கொடுக்கவே கூடாது.

செலவுக்கு முன் சோதனை

இந்தியத் தர விதி ஐ.எஸ். 10500 சொல்வது எளிது: 100 மில்லி தண்ணீரில் இ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலைக் கழுவாமல் அப்படியே பிடித்து, ஐஸ் போட்டு அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வாட்டர் பாட்டிலில் பிடித்து மறுநாள் பஸ்ஸில் கொண்டுபோன மாதிரிக்கு வரும் முடிவு எதற்கும் உதவாது. கிருமியோடு நைட்ரேட்டையும், டி.டி.எஸ்.ஸையும், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற எண்ணையும், கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்வதற்கு ஹெச்.2எஸ். குப்பி உண்டு. கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெயில் படாமல் அறைச் சூட்டில் வைத்தால், மலக்கிருமி இருக்கும்போது 24 முதல் 48 மணி நேரத்தில் மைபோலக் கறுக்கும். ஒரு எச்சரிக்கை: அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் கிணறுகளில் கிருமி இல்லாமலேயே குப்பி கறுத்துவிடும். அந்தக் கிணறுகளுக்கு ஆய்வகம்தான்.

கிருமி இருந்து நைட்ரேட் குறைவாக இருந்தால், முதலில் மேலிருந்து விழும் அழுக்கைத் தேடுங்கள்: சேற்றில் கிடக்கும் கயிறு, வாளி, மேடையில் துவைத்த தண்ணீர் திரும்ப உள்ளே வழிவது. இரண்டும் கூடுதல் என்றால் குழியைத் தேடுங்கள்.

வழி 1: குழியைச் சரிசெய்வது

கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. 3 சென்ட் மனை ஏறக்குறைய 30க்கு 43 அடி. மூலைக்கு மூலை வைத்தாலும் 50 அடி ஒப்பேறுவது கடினம். நம் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி மதிலை ஒட்டி இருக்கும்.

தூரத்தைவிட இங்கே ஆழம்தான் பெரிய வினை. அடி பூசாமல் சிமெண்ட் உறைகளை இறக்கிக் கட்டும் குழி, பங்குனியில் ஈர மணலுக்கு மேலே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் ஏறி அந்தக் குழிக்குள்ளேயே வந்துவிடும். கிருமியை வடிகட்டுவது குழிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவிலுள்ள காய்ந்த மணல்தான். அது 2 மீட்டராவது வேண்டும். மழைக்காலத்தில் அது இருக்காது.

அடியும் சுவரும் பூசிய இரண்டு அறை செப்டிக் டேங்க் கட்டி, வெளியேறும் தண்ணீரை ஆழக் குழியில் விடாமல், இரண்டடி ஆழச் சரளை வாய்க்கால் வழியாக வாழைக்கோ தென்னைக்கோ விடுவதுதான் தீர்வு. நிலத்தடி நீர் பெரும்பாலும் கடலை நோக்கி நகரும். ஆகவே வாய்க்கால் கிணற்றுக்குக் கடல் பக்கமாக இருக்கட்டும். கொத்தனார் செலவு, தோண்டும் கூலி, ஒரு வாரம் கக்கூஸ் இல்லாத தொல்லை எல்லாம் உண்டு. குழி உங்களுடையதாக இருந்து நைட்ரேட்டும் கூடுதலாக இருந்தால் இதற்கு மாற்று இல்லை. குழி பக்கத்து வீட்டுடையது என்றால் பேச்சுவார்த்தை ஒருபக்கம் நடக்கட்டும், குடிநீருக்கு வேறு வழி பார்த்துவிடுங்கள்.

மேடை, கைப்பிடிச் சுவர், வலை மூடி, தரையில் படாமல் கொக்கியில் தொங்கும் ஒற்றை வாளி: இவை எந்த வழியைத் தேர்ந்தாலும் வேண்டும். 20 அடி ஆழம் வரை சுவரைப் பூசச் சொல்லும் பாடப்புத்தக விதி மட்டும் இங்கே செல்லாது. பல கிணறுகளில் 20 அடிக்குப் போனால் கடல்தான்.

வழி 2: கிணற்றுக்கே ஒரு தடவை பலத்த குளோரின்

ஒரு தடவைச் சங்கதிக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அளவும் இறைப்பும்தான் எல்லாம்.

தண்ணீர் அளவு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீர் நிற்கும் உயரத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்குங்கள். எல்லாம் மீட்டரில். 1.2 மீட்டர் உறையில் 1.5 மீட்டர் தண்ணீர் என்றால் 1.7 கன மீட்டர், அதாவது 1,700 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். மொத்தம் 85 கிராம். புது ப்ளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். கடலோர ஈரக்காற்றில் சீக்கிரம் இறங்கும். 25 என்று வைத்தால் 340 கிராம் பவுடர். கட்டிதட்டி, மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்புதான், வாங்காதீர்கள்.

பவுடரை நேராகக் கிணற்றில் கொட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. சுண்ணாம்பு அடியில் படிந்து ஊற்றுக்கண்ணை அடைக்கும், தண்ணீரின் கடினத்தன்மை கூடும். ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராமுக்கு மேல் போடாமல், கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் இறக்கி, வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். உறையின் உட்புறம், கயிறு, வாளி எல்லாவற்றையும் அதே தண்ணீரால் கழுவ வேண்டும். மோட்டார் இருந்தால் ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். 12 முதல் 24 மணி நேரம் யாரும் தொடக் கூடாது. திறந்தவெளியில், கையுறையோடு கரையுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் அருகில்கூட வரக் கூடாது, கலந்தால் விஷவாயு.

இனிமேல்தான் கடலோரச் சிக்கல். "வாடை போகும்வரை மோட்டாரை ஓட்டுங்கள்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். இங்கே ஒரு குதிரைத்திறன் மோட்டாரை விடாமல் ஓட்டினால் உப்பு மேலே வந்துவிடும். வந்த உப்பு அடுத்த மழைவரை இறங்காமலும் போகலாம். டி.டி.எஸ். பேனா மீட்டர் ஒன்று வாங்கி, தொடங்குமுன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையால் இறைப்பதாக இருந்தால் காலையும் மாலையுமாக இரண்டு மூன்று நாள். 20 வாளிக்கு ஒருமுறை மீட்டரை நனைத்துப் பாருங்கள். எண் ஏறத் தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். மோட்டார்தான் என்றால் 10 நிமிடம் ஓட்டி ஒரு மணி நேரம் ஓய்வு. பவுடர் கரைத்ததாலேயே மீட்டர் கொஞ்சம் கூடக் காட்டும். அதனால் குளோரின் போட்ட பிறகு ஒரு எண்ணும் குறித்து வையுங்கள். இறைத்ததைக் கிணற்றடியிலோ செடியிலோ செப்டிக் டேங்கிலோ விடாமல் தள்ளியிருக்கும் வெறும் மணலில் ஊற்றுங்கள். அவசரம் இல்லாவிட்டால் மூடியைத் திறந்து வையுங்கள். வெயிலே குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

மறுநாளே சோதனைக்கு அனுப்பினால் நல்ல முடிவுதான் வரும், அதை நம்ப முடியாது. குளோரின் முழுக்க நீங்கி ஒரு வாரம் பத்து நாள் கழித்து அனுப்புங்கள். மறுபடி கிருமி இருந்தால் தினச் சங்கதி என்று தெரிந்துவிட்டது. மாதாமாதம் இதையே செய்துகொண்டிருப்பது வீண்.

வழி 3: தினக் குளோரின், கிணற்றிலா குடத்திலா

நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) வகுத்த இரட்டைப் பானை முறை புகழ்பெற்றது. ஒரு பங்கு ப்ளீச்சிங் பவுடர், இரண்டு பங்கு பருமணல் கலந்த பானையை இன்னொரு பானைக்குள் வைத்துத் தண்ணீருக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுவது. இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஆனால் அது 4,500 லிட்டர் நிற்கும் கிணற்றுக்கு வகுத்த கணக்கு. நம் உறைக்கிணற்றில் அதில் பாதிகூட நிற்காது. தண்ணீர் வாய்வைக்க முடியாதபடி குளோரின் அடிக்கும். மணலுக்குள் எந்நேரமும் நீர் நகர்வதால் மருந்தும் வீணாகும். உட்பக்கம் ஆழமான பெரிய கிணறு வைத்திருப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

குடத்தில் போடுவதுதான் இங்கே பொருந்துகிறது. 40 கிராம் பவுடரை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கறுப்பு அல்லது பழுப்பு பாட்டிலில் ஊற்றுங்கள். இது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். நிழலில் வைத்தால் ஒரு வாரம் நம்பலாம். மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு கிடைக்கும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்துக்கு 3 மில்லி, 1,000 லிட்டர் மாடி டேங்குக்கு 200 மில்லி. கலக்கி அரை மணி நேரம். கலங்கல் தண்ணீர் என்றால் நாலாக மடித்த துணியில் வடிகட்டி, அளவை இரட்டியாக்குங்கள். அரை மணி கழித்து லேசாக வாடை இருக்க வேண்டும். மிச்சக் குளோரினை அளக்க ஊராட்சியில் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும்.

பித்தளைக் குடமும் மண்பானையும் குளோரினை விழுங்கிவிடும். முதலில் பிளாஸ்டிக் வாளியில் மருந்து போட்டு அரை மணி கழித்துப் பானைக்கு மாற்றுங்கள். கரைசல் வேண்டாம் என்றால் குளோரின் மாத்திரை. அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று போட்டிருக்கும், அதன்படி. இதன் மறைமுகச் செலவு ஒழுங்குதான். வீட்டில் ஒருவர் தினமும் நினைவாகப் போட வேண்டும், "மருந்து வாடை அடிக்குது" என்று பெரியவர்கள் கொட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழி 4: கொதிக்க வைப்பது

தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம். பாக்டீரியா, வைரஸ், அமீபா எல்லாம் போகும், கலங்கலும் தடையில்லை. கேஸ்தான் விலை. தினம் 10 லிட்டர் கொதிக்க வைத்தால் மாதத்துக்கு மூன்றரை கிலோ கேஸ், அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் கால் பங்கு. குழந்தை, நோயாளி, புயல் மழை வாரம்: இவற்றுக்கு முதல் தேர்வு இதுதான். ஆண்டு முழுக்க ஒரே வழியாக வைத்துக்கொள்வது சோர்வு. ஆறவைக்கும் பாத்திரத்துக்குக் குழாய் வையுங்கள், மொள்ள வேண்டாம்.

வழி 5: மெஷின்கள்

புற ஊதா விளக்கு தெளிந்த தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். நம் தண்ணீரின் கடினத்தன்மையால் கண்ணாடி உறையில் சுண்ணாம்பு படியும். விளக்கு எரியும், ஒளி தண்ணீருக்குள் போகாது. கண்ணாடியை ஒழுங்காகத் துடைக்க வேண்டும், எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கரண்ட் போனால் தண்ணீர் இல்லை.

மென்சவ்வு வடிகட்டி, அதாவது யு.எஃப்., கரண்ட் இல்லாமல் பாக்டீரியாவைத் தடுக்கும்; வைரஸ் முழுக்க நிற்காது, உப்பு அப்படியே வரும்.

ஆர்.ஓ. உப்பையும் நைட்ரேட்டையும் குறைக்கும் ஒரே மெஷின், அதில் மறுப்பில்லை. டி.டி.எஸ். 500க்குள் இருந்தால் அது தேவையே இல்லை. 2,000ஐத் தாண்டினால் வீட்டு மெஷின்கள் பலவும் திணறும். நடுவில் இருப்பவர்களும் கணக்கைப் பாருங்கள்: நூற்றுக்கு 30 தேறினால், 15 லிட்டருக்கு 50 லிட்டர் இறைக்க வேண்டும். மீதி 35 லிட்டர் கழிவு. 1,500 டி.டி.எஸ். தண்ணீர் என்றால் கழிவு 2,100 சுமாருக்கு இருக்கும். அதைக் கிணற்றடியிலேயே விட்டால் உப்பைத் திரும்பக் கிணற்றுக்கே கொடுக்கிறோம். கக்கூஸ் கழுவ, தரை துடைக்க வாளியில் பிடியுங்கள். கிருமிக்காக மட்டும் ஆர்.ஓ. வாங்குவது வீண். ரப்பர் வளையம் ஒன்று நழுவினாலே கச்சாத் தண்ணீர் கலந்துவிடும். கரித்தூள் வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால் உள் டேங்கில் காவலில்லாமல் கிருமி வளரும். ஊருக்குப் போய்வந்தால் முதல் டேங்கைத் திறந்து கொட்டிவிடுங்கள்.

வழி 6: குடிக்க மட்டும் மழைநீர்

2003லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் மாடியில் குழாய் ஏற்கெனவே இருக்கும். பெரும்பாலும் குழியில் போய் முடியும். அதில் ஒரு கிளையைத் தொட்டிக்குத் திருப்புங்கள். 500 சதுர அடி மொட்டை மாடி, 800 மி.மீ. மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்றாலும் ஏறக்குறைய 30,000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் தினம் 20 லிட்டர் வீதம் தை முதல் புரட்டாசி வரை 5,400 லிட்டர்தான். ஆக 6,000 லிட்டர் தொட்டி போதும். உப்பு, நைட்ரேட் இரண்டிலிருந்தும் ஒருசேர விடுதலை.

காக்கை எச்சம் மாடியில் இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு மழையிலும் முதல் 50 லிட்டரைக் கழித்துவிட வேண்டும். அடியில் திருகு மூடி போட்ட 20 அடி நீள, 4 அங்குல பி.வி.சி. பைப் ஒன்றை இரண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினால் அதில் அவ்வளவு பிடிக்கும். அது நிறைந்த பிறகே தொட்டிக்குத் தண்ணீர் போகும். கொசு வலை கட்டாயம். குடத்துக் குளோரின் இதற்கும் வேண்டும். ஓலைக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இந்த வழி கிடையாது.

கேன் தண்ணீரும் தள்ளுவண்டிக் குடமும் எல்லோருக்கும் தெரிந்தவை. கேன் ஒன்று 35 ரூபாய் என்று வைத்து தினம் ஒன்று வாங்கினால் ஆண்டுக்கு 12,775 ரூபாய். வாடகை வீட்டுக்காரருக்கு அது சரி. தள்ளுவண்டித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் அதற்கும் குடத்துக்கு 3 மில்லி குளோரின் கரைசல்.

| வழி | கிருமி | உப்பு, நைட்ரேட் | பிறகு காவல் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| குழியை மாற்றுதல் | மூலமே நிற்கும் | நைட்ரேட் மெல்லக் குறையும் | பொருந்தாது | கட்டுமானம், பக்கத்து வீட்டுக் குழி |
| கிணற்றுக்குப் பலத்த குளோரின் | போகும், திரும்பலாம் | மாறாது. அதிகம் இறைத்தால் உப்பு ஏறும் | சில நாள் | இறைக்கும் உழைப்பு |
| குடத்துக் குளோரின் | போகும் | மாறாது | உண்டு | தினசரி ஒழுங்கு, வாடை |
| கொதிக்க வைத்தல் | போகும் | சற்றே செறியும் | இல்லை | கால் சிலிண்டர் |
| புற ஊதா, யு.எஃப். | பெரும்பாலும் போகும் | மாறாது | இல்லை | சுண்ணாம்புப் படிவு, விளக்கு |
| ஆர்.ஓ. | போகும், டேங்கில் வளரலாம் | குறையும் | இல்லை | கழிவுநீர், கூடுதல் இறைப்பு |
| மழைநீர்த் தொட்டி | மருந்து போட்டால் போகும் | இருக்காது | குளோரினால் உண்டு | தொட்டி, இடம் |

எந்த வீட்டுக்கு எது

வெள்ளமோ செத்த பிராணியோ காரணம் என்றால் பலத்த குளோரின், முடிவு வரும்வரை கொதிக்க வைத்த தண்ணீர். கிருமி திரும்பத் திரும்ப வருகிறது, நைட்ரேட் குறைவு, தண்ணீர் கரிக்கவில்லை என்றால் மேடையைச் சரிசெய்து குடத்துக் குளோரின். மெஷினுக்குக் காசு வேண்டாம். நைட்ரேட் எல்லையைத் தாண்டினால் குழி வேலையைத் தொடங்கிவிட்டு, குடிக்க மழைநீரோ கேனோ. கரிக்கவும் செய்கிறது, சொந்த வீடு, காங்கிரீட் மாடி என்றால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் மழைத்தொட்டியை எண்ணிப் பாருங்கள். மாடி இல்லாமல் டி.டி.எஸ். 500க்கும் 2,000க்கும் நடுவில் இருக்கும் வீட்டுக்குத்தான் ஆர்.ஓ. உண்மையில் பொருந்துகிறது.

ஆண்டுக்கு ஒரே சோதனைதான் செய்ய முடியும் என்றால் சித்திரையில் செய்யாதீர்கள். அப்போது குழிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே மணல் காய்ந்திருக்கும், முடிவு நல்லதாகவே வரும். கார்த்திகையில் நாலு நாள் மழை விட்டதும், கிணற்றில் தண்ணீர் மேல் உறை வரை ஏறி நிற்கும்போது பாட்டிலைப் பிடியுங்கள்.